ஒரே பெட்டியில் போட்ட லீவு

எங்க அக்காவுக்குக் கோபமே வராது. அவளுக்கு வரவேண்டிய கோபமும் சேர்ந்து எனக்கே வந்துடுச்சுன்னு மாமா கிண்டல் பண்ணுவார். மாமான்னா அக்கா வீட்டுக்காரர். சரக்குக் கப்பல்ல செகண்ட் இன்ஜினியர். எனக்கு அவர் வெச்ச பேரு வாயாடி. நான் மருந்துக்கடையில நாள் பூரா நின்னு, படிக்க முடியாத டாக்டர் எழுத்தைப் படிச்சு, சில்லறை இல்லாதவங்களோட சண்டை போட்டுட்டு வர்றவ. வாய் இல்லேன்னா பிழைக்க முடியுமா சொல்லுங்க?

நான் சொல்லப் போறது அக்கா கதை. அவ சொல்ல மாட்டா. கேட்டா, "அதுல சொல்றதுக்கு என்னடி இருக்கு"ன்னு துணி மடிக்கப் போயிடுவா. அதனால நான்தான் சொல்லணும்.

அப்போ மாமா கடல்ல இருந்தார். இறங்கவேண்டிய நாள் எப்பவோ தாண்டிடுச்சு. ரெண்டு தடவை தள்ளிப் போட்டாச்சு. காரணம் ஒண்ணுதான், அவருக்குப் பதிலா ஏற ஆள் கிடைக்கல. அப்படி ஏற வர்ற ஆளை அவங்க ரிலீவர்னு சொல்வாங்க. ரிலீவர் கப்பல்ல ஏறினாத்தான் இவர் இறங்கலாம். ஏன்னா இன்ஜின் அறையில மூணே இன்ஜினியர், மூணு பேரும் முறை போட்டுத்தான் இன்ஜினைப் பார்த்துக்கணும். ஒருத்தர் குறைஞ்சா மத்த ரெண்டு பேருக்கும் தூக்கம் போச்சு. இதெல்லாம் எனக்கு எதுக்குத் தெரியணும்? தெரிஞ்சுதான் இருக்கு. அக்காகூட ஒரே வீட்டுல இருந்தா இதெல்லாம் காதுல விழாம இருக்குமா?

வீடுன்னா பெருசா ஒண்ணும் இல்ல. டயர்க்கடைக்கு மேல மாடியில ரெண்டு ரூம், ஒரு சமையலறை. கீழ காத்தடிக்கிற மெஷின் ஓடினா எங்க தரை லேசா அதிரும். எனக்கு அது தலைவலி. அக்காவுக்கு அது பிடிக்கும். ஏன்னு ஒரு நாள் கேட்டேன். "அவர் படுக்கிற இடமும் இப்படித்தான் அதிருமாம்"னு சொன்னா. எனக்குச் சிரிக்கிறதா அழறதான்னு தெரியல, "உனக்கு முத்திடுச்சுக்கா"ன்னு சொல்லிட்டு வெளிய போயிட்டேன்.

முத்தித்தான் போயிருந்தது. மாமா குரலைப் பதிவு பண்ணி போன்ல அனுப்புவார். பின்னாடி இன்ஜின் சத்தம் காதைக் கிழிக்கும். "சாப்பிட்டியா, நான் சாப்பிட்டேன், இங்க மழை." இதுக்கு மேல ஒரு வார்த்தை இருக்காது. அதைப் போட்டுப் போட்டுக் கேப்பா. அவர் பேசி முடிச்சப்புறமும் கொஞ்ச நேரம் வெறும் சத்தம் ஓடும் இல்ல, அது முடியற வரைக்கும் போனைக் கீழ வெக்க மாட்டா. கட்டில்ல தனியாப் படுக்கிறவ நடுவுல கையைக் காலை நீட்டிப் படுக்கலாம் இல்லையா? சுவரோரமா ஒதுங்கியே படுப்பா. "அந்தப் பக்கம் யாருக்கு வாடகைக்கு விட்டிருக்க?"ன்னு நான் கிண்டல் பண்ணுவேன். சிரிப்பா. ஆனா நகர மாட்டா.

அக்கா வேலை பார்த்தது ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில. மத்தவங்க எழுதின புரோகிராம்ல தப்பு கண்டுபிடிக்கிற வேலை. வருஷக்கணக்கா அதையே பண்ணிட்டு இருந்தா. அந்த ஆபீஸுக்கு மாமாவோட கப்பல் கம்பெனி ஒரு வேலை குடுத்தது. யார் எந்தக் கப்பல்ல இருக்காங்க, யார் எப்போ இறங்கணும், யாருக்கு லீவு, எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல கொண்டுவரணும். இந்த வேலையைப் பழைய மாதிரி ஒவ்வொரு வரியா உக்காந்து எழுதப் போறதில்ல, படம் வரைஞ்சு பண்ணப் போறோம், அதைக் கத்துக்க ஆள் வேணும்னு ஆபீஸ்ல சொன்னாங்க. எதுக்கும் வாயைத் திறக்காத எங்க அக்கா, என்னையும் சேருங்கன்னு ஒத்தைக்கால்ல நின்னு இடம் வாங்கிட்டா. என் வீட்டுக்காரர் அந்தக் கம்பெனிதான், கப்பல் வார்த்தையெல்லாம் எனக்குத் தெரியும்னு சொன்னாளாம். உண்மையான காரணம் எனக்குத் தெரியும். மாமாவோட நாள் எப்படி ஓடுதோ, அதுல எங்கேயாவது ஒரு ஓரத்துலயாவது தன் கை படணும், அவ்வளவுதான்.

கத்துக்குடுக்க வந்தவர் அக்காவைவிடச் சின்னவர். தாடி வெச்சிருந்ததால வீட்டுல நாங்க தாடின்னே சொல்லுவோம். கூடக் கத்துக்கிட்டதும் எல்லாம் இளசுங்க. முதல் நாள் வந்து ஜெனரேட்டர் ஜெனரேட்டர்னு சொன்னா. கரண்ட் போனா ஓடுமே, அதைப் பத்தித்தான் சொல்றாளோன்னு நெனச்சேன். அப்புறம் பேப்பர் எடுத்து வரைஞ்சு காட்டினா.

எனக்குப் புரிஞ்ச அளவுல சொல்றேன். உலகத்துல இருக்கிற ஒவ்வொரு சங்கதிக்கும் ஒரு பெட்டி வரையணும். கப்பலுக்கு ஒரு பெட்டி, மாலுமிக்கு ஒரு பெட்டி. எதுக்கும் எதுக்கும் சம்பந்தமோ அதுக்கு நடுவுல ஒரு கோடு. கோட்டோட முனையில ஒரு எண். ஒரு கப்பலுக்கு மாலுமிங்க நிறைய பேர், ஆனா ஒரு மாலுமிக்கு ஒரு சமயத்துல ஒரே கப்பல். கட்டாயம் இருக்கணும்னா ஒண்ணுன்னு போடணும். இருந்தாலும் சரி இல்லேன்னாலும் சரின்னா சைபர்ல ஆரம்பிக்கணும். இந்தப் படத்துக்கு மாடல்னு பேரு. படம் முடிஞ்சதும் ஒரு பட்டனை அழுத்தினா, ஜெனரேட்டர்ங்கற அந்தப் புரோகிராம் படத்தைப் படிச்சு, திரையில வர்றது, உள்ள பத்திரமா வெக்கறது, சரியா தப்பான்னு பார்க்கறது, எல்லாத்துக்கும் அதுவே புரோகிராம் எழுதித் தள்ளிடும். ஆள் வெச்சு எழுதினா மாசக்கணக்கா ஆகறதை, அது ஒரு டீ குடிக்கிற நேரத்துல எழுதிடுமாம்.

"அப்போ படம் தப்பா இருந்தா?"ன்னு கேட்டேன்.

"தப்பையும் ஒரு இடம் விடாம அழகா எழுதிடும்"னு சிரிச்சா. தாடி சொன்னதாம்.

அப்புறம் வீட்டுல ஒரே படம்தான். பால் கவர், மருந்து அட்டை, கரண்ட் பில்லோட பின்பக்கம், எங்க பார்த்தாலும் பெட்டியும் கோடும். ஒரு ஞாயித்துக்கிழமை எங்க வீட்டையே வரைஞ்சா. வீடுன்னு ஒரு பெட்டி, ஆள்னு ஒரு பெட்டி, நடுவுல கோடு.

"ஒரு வீட்டுக்கு ஆள் எத்தனைடி போடட்டும்?"

"மூணு."

"எண்ணிப் பாரு."

"நீ, நான்... சரி ரெண்டு. மாமா வந்தா மூணு."

"அதான் பிரச்சினை"ன்னு குஷியாயிட்டா. "இந்த வீட்டைச் சேர்ந்தவங்க வேற, இப்ப வீட்டுக்குள்ள இருக்கிறவங்க வேற. ஒரே கோட்டுல போட்டா குழப்பிடும். ரெண்டு கோடு போடணும்." போட்டா. ஒரு கோட்டுல மூணு, இன்னொண்ணுல ரெண்டு. போட்டுட்டு அந்த ரெண்டையே பார்த்துட்டு உக்காந்திருந்தா. அடுப்புல பால் பொங்கி வழிஞ்சது, நான்தான் ஓடிப்போய் இறக்கினேன்.

கத்துக்கறது ஒண்ணும் லேசா இருக்கல. ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டே வந்தா. என்னன்னு கேட்டா, மெஷின் எழுதின புரோகிராம்ல மாலுமி பேருக்குக் கீழ கப்பல் பேர் வந்துச்சாம், இவளுக்குக் கப்பல் பேர் மேல வரணுமாம். நேரா அந்தப் புரோகிராமுக்குள்ள போய்க் கையால மாத்திட்டா. மறுநாள் யாரோ படத்துல வேற எதையோ மாத்திப் பட்டனை அழுத்த, மெஷின் எல்லாத்தையும் புதுசா எழுதி இவ மாத்தினதைத் துடைச்சுப் போட்டுடுச்சு. இவ மறுபடி மாத்த, அது மறுபடி துடைக்க, கடைசியில உடன் வேலை செய்யற யாரோ வேணும்னே பண்றாங்கன்னு நெனச்சுக் கண்ணைக் கசக்கிட்டு உக்காந்திருக்கா. தாடி வந்து சொல்லியிருக்கார்.

"மேடம், அது மெஷின் எழுதற இடம். நாம அங்க எழுதினா தங்காது. மாத்தணும்னா படத்துல மாத்துங்க. படத்துல சொல்லவே முடியாத விஷயம்னா, நமக்குன்னு கொஞ்சம் இடம் ஒதுக்கி விட்டிருக்கு பாருங்க, அதுக்குள்ள எழுதுங்க. அதை மட்டும் மெஷின் தொடாது."

எல்லாருமே கத்துக்கும்போது இப்படி ஒரு தடவை அழுதிருக்காங்களாம். தாடியும் அழுதிருக்காராம். அதைக் கேட்டப்புறம்தான் இவளுக்குச் சோறு இறங்கிச்சு.

அதுக்கப்புறம் நல்லாவே பிடிச்சுக்கிட்டா. எவ்வளவு நல்லான்னா, லீவு சம்பந்தப்பட்ட பகுதியை முழுசா இவகிட்டயே குடுத்துட்டாங்க. அன்னிக்கு வீட்டுக்கு வந்தவ முகத்தைப் பார்க்கணுமே! "லீவு என்கிட்டடி"ன்னா. ஏதோ லீவை மூட்டை கட்டி இவ கையில குடுத்த மாதிரி.

"அப்போ மாமாவுக்கு ஒரு லீவு எடுத்துக் குடேன்"னேன்.

"அதுல மாமான்னு யாரும் இல்லடி. மாலுமின்னு ஒரு பெட்டிதான். எல்லாரும் அதுக்குள்ள ஒண்ணுதான்." சொல்லிட்டு, "அவரும்தான்"ன்னு சேர்த்துக்கிட்டா.

லீவுன்னு பெட்டி வரைஞ்சா. மாலுமிக்கும் லீவுக்கும் கோடு. லீவுக்கும் ரிலீவருக்கும் கோடு. பட்டனை அழுத்தினாங்க, மெஷின் எழுதிச்சு, எல்லாரும் சோதிச்சுப் பார்த்தாங்க, கப்பல் கம்பெனியும் எடுத்துக்கிச்சு. கொஞ்சம் கப்பல்ல மட்டும் முதல்ல நடைமுறைக்கு வந்தது. மாமாவோட கப்பலும் அதுல ஒண்ணு. படம் வரைஞ்சது தான்தான்னு அக்கா அவர்கிட்ட மூச்சு விடல, நேர்ல சொல்லிக்கலாம்னு வெச்சிருந்தா. அக்கா வரைஞ்ச படத்துலேர்ந்து வந்த திரையில, மாமா தன் கையால லீவு கேட்டார். அதைக் கேட்டதும் அக்கா எழுந்து சமையலறைக்குள்ள போய்ட்டா. தண்ணி குடிக்கப் போனதா சொன்னா. நான் நம்பல.

ஒரு சாயங்காலம் நான் கடையிலேர்ந்து வர்றேன், மாடிப்படியிலயே அக்கா நிக்கறா. போனை என் காதுல வெச்சா. இன்ஜின் சத்தத்துக்கு நடுவுல மாமா கத்தறார். "லீவு பாஸ் ஆயிடுச்சு! அடுத்த துறைமுகத்துல இறங்கறேன்! வாயாடிகிட்ட சொல்லு, அவ திட்டறதைக் கேக்க ரெடியா வர்றேன்னு!"

அட கடவுளே, அந்த வீடு பட்ட பாடு! ஜன்னல் துணியெல்லாம் கழட்டி ஊறப்போட்டா. பரண்மேல இருந்த பெட்டியை இறக்கி, மாமா சட்டையை எல்லாம் எடுத்து வெயில்ல காயவெச்சா. நரைக்குச் சாயம் வாங்கிட்டு வந்து, "அதிகமா தெரியுமாடி?"ன்னு என்னையே பத்து தடவை கேட்டா. "அவர் கிழவியைத் தேடித்தான் வர்றார், பேசாம விடு"ன்னேன். முறைச்சா. எங்க அக்கா முறைச்சு நான் பார்த்ததே அன்னிக்குத்தான். ராத்திரி கட்டில்ல நடுவுல படுத்துத் தூங்கினா. நான் போர்வை எடுக்கப் போனப்போ பார்த்தேன். மனசு நெறைஞ்சிருந்தது எனக்கு.

அந்த ஞாயித்துக்கிழமை மதியம் மாமா கூப்பிட்டார். கப்பல் கரையோரமா நின்னுட்டு இருந்தது போல, குரல் தெளிவா இருந்தது. அக்கா கையில ஈர ஜன்னல்துணி, அதனால போனை ஸ்பீக்கர்ல போட்டு மேசைமேல வெச்சிருந்தா. மாமா சந்தோஷத்துல என்னென்னவோ பேசினார். நடுவுல சொன்னார்:

"கேளேன் இந்தக் கூத்தை. எனக்குப் பதிலா யார் ஏறப் போறாங்கன்னு கேப்டன்கிட்ட கேட்டேன். அவருக்கும் தெரியல. திரையைப் பார்த்தா ரிலீவர் பேர் வரவேண்டிய இடம் காலியா இருக்கு! ஆனாலும் எல்லாம் சரின்னு பச்சை விளக்கு விழுந்திருக்கு. ஆபீஸ்ல லீவு பாஸ் பண்றவர் பச்சை விழுந்தா அழுத்திட வேண்டியதுதான். புதுக் கம்ப்யூட்டருக்கு என்மேல இரக்கம் வந்துடுச்சு போ!"

அவர் சிரிச்சார். நானும் சிரிச்சேன். அக்கா சிரிக்கல. துணியிலேர்ந்து தண்ணி அவ கால்மேல சொட்டுது, அதைக்கூடக் கவனிக்கல. "சரிங்க. வைக்கட்டுமா"ன்னா. வெச்சதும் லேப்டாப்பைத் திறந்தா.

படம் வந்தது. லீவுங்கற பெட்டி, ரிலீவர்ங்கற பெட்டி, நடுவுல கோடு. கோட்டு முனையில விரலை வெச்சா. அங்க சைபர்லேர்ந்து ஒண்ணுன்னு போட்டிருந்தது. அதாவது ரிலீவர் இருந்தாலும் சரி, இல்லேன்னாலும் சரி.

"நான்தான்டி"ன்னா.

"என்ன நீதான்?"

"லீவு கேக்கும்போது ரிலீவர் யாருன்னு தெரியாது. ஆளில்லாமயும் கேக்கலாம். அதனால சைபர் போட்டேன், அது சரிதான். ஆனா லீவு கேக்கறது வேற, கப்பலைவிட்டு இறங்கறது வேற. இறங்கறதுக்கு ரிலீவர் கட்டாயம். ரெண்டுக்கும் தனித்தனிப் பெட்டி போட்டிருக்கணும். நான் ஒரே பெட்டியா போட்டுட்டேன். கேட்டாலே இறங்கலாம்னு மெஷின் எழுதிடுச்சு."

"இந்த வீட்டுக்கு ரெண்டு கோடு போடத் தெரிஞ்சுச்சு இல்ல உனக்கு? இதுக்கு மட்டும் எப்படித் தெரியாமப் போச்சு?" நான் கத்தினேன்.

"எனக்கு அது ரெண்டுன்னு தோணவே இல்லடி"ன்னா. அவ்வளவு மெதுவா சொன்னா. "அவர் லீவு கேட்டுட்டார்னா, வந்துட்டார்னுதான் எனக்கு இருந்துச்சு."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஆத்திரத்தைத்தான் வெளிய விட்டேன். "இப்ப என்ன, யாருக்குத் தெரியும்? தாடிக்குத் தெரியுமா? தெரியாது. சோதிச்சவங்களுக்குத் தெரியுமா? தெரியாது. அவர் இறங்கற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இரு. இறங்கினப்புறம் உன் பெட்டியை ரெண்டாக்கு, பத்தாக்கு, என்ன வேணா பண்ணு. யார் கேக்கப் போறா?"

"அவர் இறங்கினா அங்க ரெண்டே பேர்தான்."

"இருந்துட்டுப் போகட்டும்!"

"முன்னாடி ஒரு கப்பல்ல ஆள் குறைஞ்சு போய், ஒரு பையன் தூங்கி விழுந்து கையை மெஷினுக்குக் குடுத்தான். மாமாதான் கட்டுப் போட்டார். நீயும்தான் கேட்ட."

கேட்டேன்தான். கேட்டதால என்ன? எனக்கு அந்தப் பையனைத் தெரியாது, எங்க அக்காவைத் தெரியும்.

"மாமா மட்டும் இல்ல. இந்தப் படம்தான் எல்லாக் கப்பலுக்கும். வேற எங்கெங்க யார் யாருக்குப் பச்சை விழுந்திருக்கோ"ன்னா.

அப்புறம் ஒண்ணு பண்ணா. நான் பக்கத்துலயே நின்னு பார்த்தேன். மெஷின் தொடாத இடம்னு தாடி சொன்னாரே, அந்த இடத்தைத் திறந்தா. "இங்க ஒரு வரி எழுதலாம்"ன்னா, என்னைப் பார்க்காமலே. "எல்லாரையும் நிறுத்து, இந்த ஒரு ஆளை மட்டும் விடுன்னு. நாளைக்குப் பெட்டியை ரெண்டாக்கினாலும் இந்த வரி அப்படியே நிக்கும்." மாமாவோட பணி எண்ணைத் தட்டினா. அவளுக்கு அது மனப்பாடம், பார்த்து எழுத வேண்டியதில்ல. தட்டிட்டு உக்காந்திருந்தா. கீழ டயர்க்கடை மூடியிருந்தது, வீட்டுல ஒரு சத்தமும் இல்ல. நான் எழுதுடி எழுதுடின்னு மனசுக்குள்ள கெஞ்சிக்கிட்டு நின்னேன்.

ஒவ்வொரு எண்ணா அழிச்சா. லேப்டாப்பை மூடினா. போய் ஜன்னல் துணியைப் பிழிஞ்சு மாட்டினா. காயாமலே மாட்டிட்டா, தரையெல்லாம் தண்ணி.

மறுநாள் நடந்ததை அவ அரைகுறையா சொன்னா, மிச்சத்தை நான் பிடுங்கினேன். காலையில போனதும் நேரா தாடிகிட்ட சொல்லியிருக்கா. அவருக்கு முகம் செத்துப் போச்சாம். இவ வீட்டுக்காரர் அந்தக் கப்பல்ல இருக்கிறதும், லீவு பாஸ் ஆனதும் ஆபீஸ் பூரா தெரியும், இனிப்புகூடக் குடுத்திருந்தா. "நீங்க தள்ளிக்குங்க மேடம், நான் மாத்தறேன்"னு சொல்லியிருக்கார். "நான் வரைஞ்சது, நானே மாத்தறேன்"னு உக்காந்திருக்கா. லீவுங்கற பெட்டியை அழிச்சுட்டு, லீவு கேட்டல்னு ஒண்ணு, இறங்கும் உத்தரவுன்னு ஒண்ணு வரைஞ்சா. கேட்டலுக்கும் ரிலீவருக்கும் நடுவுல சைபர். உத்தரவுக்கும் ரிலீவருக்கும் நடுவுல ஒண்ணு. பட்டனை அழுத்தினா. மெஷின் எழுதி முடிச்சது. ரிலீவர் இல்லாம பாஸ் ஆன லீவெல்லாம், வெறுமனே கேட்ட லீவா திரும்பிப் போச்சு. மாமாவையும் சேர்த்து ஒரு கை விரல்ல அடங்கற ஆளுங்கதான். அதுல ஒரு கப்பல்ல ஒரே நேரத்துல ரெண்டு பேர் இறங்க இருந்தாங்களாம்.

ஆபீஸ்ல யாரும் திட்டல. பெரிய அதிகாரி கூப்பிட்டு, நல்லவேளை கண்டுபிடிச்சீங்கன்னு பாராட்டினாராம். நல்லவேளையாம்! அவர் ராத்திரி வீட்டுக்குப் போனா அவர் பொண்டாட்டி கதவைத் திறப்பா. எங்க அக்காவுக்கு யார் இருக்கா?

அன்னிக்குச் சாயங்காலம் நான் சீக்கிரமே கடையிலேர்ந்து வந்துட்டேன். மாமா எப்படியும் கூப்பிடுவார்னு தெரியும், அக்காவைத் தனியா விட மனசில்ல. கூப்பிட்டார். இந்தத் தடவை அவளே ஸ்பீக்கரைப் போட்டா. நானும் கேட்டுடணும்னு நெனச்சாளோ என்னவோ.

"லீவைத் திருப்பி வாங்கிட்டாங்க"ன்னார். குரலே அவர் குரலா இல்ல. "பெட்டி கட்டி வெச்சுட்டேன். எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். இப்ப ரிலீவர் கிடைச்சாத்தானாம். எந்தப் பாவி அந்தக் கம்ப்யூட்டரைப் பண்ணானோ தெரியல. குடுத்துட்டுப் பிடுங்கறதுக்கு, குடுக்காமயே இருந்திருக்கலாம். அவனுக்கெல்லாம் வீடு வாசல் இருக்குமா, இல்ல..."

"நான்தாங்க"ன்னா அக்கா.

"என்ன?"

"அந்தப் படம் நான் வரைஞ்சது. தப்பா வரைஞ்சுட்டேன். இன்னிக்குக் காலையில நான்தான் திருத்தினேன்."

அந்தப் பக்கம் இன்ஜின் மட்டும் ஓடுது. நான் அக்கா தோளைப் பிடிச்சுக்கிட்டேன். அவ கல்லு மாதிரி உக்காந்திருந்தா, கண்ணு மட்டும் நிக்காம வழியுது. அவர் போனை வெச்சுட்டுப் போயிட்டாரோன்னுகூட நெனச்சேன். வெச்சா விடறதில்ல, நானே திரும்பக் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்டுடறதுன்னு இருந்தேன்.

"அழறியா?"ன்னார்.

"இல்ல."

"மூணாவது இன்ஜினியருக்கு நேத்துலேர்ந்து சோறு இறங்கல. நான் போயிட்டா என்ன பண்றதுன்னு. சின்னப் பையன், சொல்லவும் மாட்டேங்கறான்"ன்னார். "எனக்கும் தெரியும். ரிலீவர் இல்லாம எப்படி விடுவாங்கன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் பெட்டி கட்டினேன்."

"நானும் வீடெல்லாம் கழுவினேன்."

"அப்போ, இத்தனை நாளா நான் வீட்டுக்கு வரப்போறேன்னு குதிச்சுட்டு இருந்தேனே, அதுவும் நீ குடுத்ததுதானா?"

அக்கா தலையை மட்டும் ஆட்டினா. போன்ல தலையை ஆட்டினா அவருக்கு எப்படித் தெரியும்? "ஆமா மாமா, இவதான்"னு நான்தான் சொன்னேன். என் குரலும் சரியில்ல.

"வாயாடியும் அழறாளே"ன்னார்.

அக்கா முகத்தைத் துடைச்சுக்கிட்டா. போனைக் கையில எடுத்து வாய்க்குக் கிட்டக்க வெச்சுக்கிட்டா. "என்னங்க, லீவு கேளுங்க"ன்னா.

"கேட்டுத்தானே இருந்தேன்."

"மறுபடியும் கேளுங்க. வாராவாரம் கேளுங்க. கேக்கறதுக்கு ரிலீவர் வேண்டாம். யாருமே வேண்டாம். அதுக்கு இன்னும் சைபர்தான் போட்டிருக்கேன்."

அவர் கேட்டுட்டுத்தான் இருக்கார். இன்னும் வரல.